விரலண்ணனின் பச்சை ஸ்டிக்கர்

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. தொழிற்சாலையில் வாசல் காவலரிலிருந்து மேல்மாடிப் பெரிய தலைகள்வரை எல்லோருக்கும் அவர் விரலண்ணன்தான். வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்தக் கம்பெனி செய்வது உயர்ரக ஆம்ப்ளிஃபயர்கள், ஸ்பீக்கர்கள். விலையைக் கேட்டால் நம்மைப் போன்றவர்கள் ஒரு தரம் சிரித்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவோம். ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரே ஒரு குமிழ் இருக்கும். அந்தக் குமிழ் கையில் எப்படித் திரும்புகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் முப்பது வருஷமாக விரலண்ணனின் உத்தியோகம். இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அந்த வேலையில்தான் அவர் வீடு கட்டினார், மகளைப் படிக்க வைத்து வெளியூரில் வேலைக்கும் அனுப்பினார்.

அவர் அறை இரண்டாம் மாடியில் கடைசி. கனமான திரை, கறுப்புத் துணி விரித்த மேஜை, ஒரு நாற்காலி. காலையில் வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, ஐந்து நிமிஷம் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். வெளிவெயிலின் சூடு விரலை விட்டு இறங்க வேண்டுமாம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலையும் நடுவிரலையும் குமிழின்மேல் வைத்துத் திருப்புவார். நல்ல குமிழ் தொட்டவுடன் ஓடக் கூடாது. ஒரு கணம் நிதானித்து, அப்புறம் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். விட்ட இடத்தில் நிற்க வேண்டும். இந்தக் குணத்துக்கு அந்தப் பிரிவில் 'மரியாதை' என்று பெயர். "இதுல மரியாதை பத்தல, திருப்பி அனுப்பு" என்று அவர் சொன்னால் அந்தப் பெட்டி கீழே போய்விடும். உள்ளே பூசுகிற தேன் நிறக் கிரீஸின் கெட்டியைக் கூட்டிக் குறைத்துத்தான் மரியாதையை வரவழைப்பார்கள்.

தேறிய பெட்டியின் அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார். ஒட்டிவிட்டால் அதற்குமேல் பேச்சு கிடையாது. முப்பது வருஷத்தில் ஒட்டிய ஒரு ஸ்டிக்கரைக்கூட அவர் திரும்ப உரித்ததில்லை. வாரத்துக்கு ஒரு முறை கீழ்த்தளத்து சர்வீஸ் பிரிவுக்கு இறங்கிப் போய், பழுது பார்க்க வந்த பழைய பெட்டிகளைப் பார்த்துவிட்டு வருவார். பதினைந்து வருஷப் பெட்டியிலும் குமிழ் புதுசாகவே இருக்கும், மேலே தூசி மட்டும் படிந்திருக்கும். "என் குமிழ் ஒண்ணுகூட இதுவரைக்கும் தேஞ்சு வந்ததில்ல" என்று சர்வீஸ்காரரிடம் ஒவ்வொரு வாரமும் சொல்வார். சர்வீஸ்காரரும் ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டுவார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் கம்பெனி கேம் கன்சோல் செய்யப் போகிறது என்று சேதி வந்தது. டி.வி.யில் மாட்டி விளையாடுகிற பெட்டி. கேன்டீனில் அன்று டீ ஆறிப்போனதே யாருக்கும் தெரியவில்லை.

"நம்ம பேரு ஒண்ணு போதும். பேருக்கே வித்துடும்" என்றார் பெயின்ட் பிரிவுக்காரர்.

ஸ்டோர் கீப்பர் அவ்வளவு சுலபத்தில் எதையும் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. "அந்த பஸ்ல ஏற்கெனவே மூணு கம்பெனி சீட்டு பிடிச்சு உக்காந்திருக்கான். நாலாவதா ஏறுறவன் நின்னுக்கிட்டுத்தான் வரணும். நமக்கு நின்னு பழக்கம் இருக்கா? எப்பவும் முதல் சீட்டுலயே உக்காந்து வந்தவங்க."

"நம்ம பெட்டி வேற மாதிரி இருக்கும்" என்றார் விரலண்ணன்.

"அதான்ணே எனக்குப் பயமா இருக்கு."

விரலண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வடிவமைப்புப் பிரிவின் தலைவி, எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் நாற்பது வயதுக்காரர், விரலண்ணன் அறைக்கே வந்து கேட்டுக்கொண்டார். "விளையாடறவங்க கையில இருக்கற கன்ட்ரோலர் உங்க பொறுப்பு. கையில பிடிச்ச உடனே இது நம்ம பொருள்னு தெரியணும்." விரலண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான்கு மாதம் வேறு நினைப்பே இல்லாமல் வேலை பார்த்தார். உடல் முழுக்க மெருகேற்றிய அலுமினியம். கட்டைவிரலால் சாய்க்கிற இரண்டு சிறு தண்டுகளுக்கும் குமிழுக்குப் பூசும் அதே தேன் நிறக் கிரீஸ். அது அவருடைய யோசனை. பட்டன்களுக்கு அடியில் சத்தம் வராமலிருக்க மெல்லிய கம்பளி வளையம். அதுவும் அவருடையதுதான். கண்ணை மூடி ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்தார். என்ன மரியாதை! மாதிரிக் கன்ட்ரோலரின் அடியில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டி, பதிவேட்டில் 'மிக நன்று' என்று கையெழுத்தும் போட்டார்.

இந்த நான்கு மாதத்தில் அந்தக் கட்டடத்தில் யாருமே அதை வைத்து ஒரு விளையாட்டுகூட முழுசாக விளையாடவில்லை. ஆம்ப்ளிஃபயர்காரர்கள் அப்படித்தான். தொடுவார்கள், தடவுவார்கள், வெள்ளைக் கையுறை போட்டுத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார்கள். விளையாடிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கன்சோலை முதன்முதலாக வெளியில் காட்டப்போகிற கண்காட்சிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஒரு விடுமுறை நாளில் வீட்டார் பார்த்து மெச்சட்டும் என்று அனுமதிச் சீட்டு வாங்கி, விரலண்ணன் ஒரு கன்சோலை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் மனைவியின் தங்கை எதிர்வீட்டில்தான் குடியிருந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற உத்தியோகம். டியூட்டி முடிந்ததும் அக்கா வீட்டுப் பெரிய டி.வி. முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்கு அவளை யாராலும் எழுப்ப முடியாது. அவளுடைய பழைய கன்சோலின் கன்ட்ரோலரைச் சுற்றி ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பட்டன்களில் எழுத்தே கிடையாது, எல்லாம் அழிந்துவிட்டது. விரலண்ணன் அதை இரண்டு விரலால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து புதியதை நீட்டினார்.

"அடேயப்பா, நகைப்பெட்டி மாதிரி இருக்கே" என்று வாங்கியவள், துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டாள். அந்தத் துடைப்பைப் பார்த்து அவர் மகிழ்ந்துபோனார்.

புதிய பெட்டியில் அவள் போட்டது எப்போதும் தூங்கிக்கொண்டே ஜெயிக்கிற ஆட்டம்தான். ஓடிவந்து குழியைத் தாண்ட வேண்டும். அவள் ஓடினாள், அமுக்கினாள், குழிக்குள் விழுந்தாள். மறுபடி ஓடி மறுபடி விழுந்தாள். நாலாவது தடவை விழுந்ததும் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத்தான், இது நீங்க புது மாப்பிள்ளையா வந்தப்ப இருந்த மாதிரியே இருக்கு."

"அழகா இருக்குங்கறியா?"

"கூப்பிட்டா, கொஞ்சம் யோசிச்சு, அப்புறம் மெதுவா திரும்பிப் பார்க்குது."

திரைச்சீலைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். விரலண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "அதுக்குப் பேரு மரியாதை. உனக்கெங்க தெரியப்போகுது" என்றார்.

"நல்லா மரியாதை பண்ணுங்க. அது பண்ணி முடிக்கறதுக்குள்ள நான் குழியில விழுந்துடறேன்."

பெட்டியை மூடி உள்ளே எடுத்துப் போனவர் சாப்பாட்டுக்குக்கூட வாய் திறக்கவில்லை. கோபம்தான். எக்ஸ்ரே எடுக்கிறவளுக்குக் குமிழைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் அவருடைய நேர்மை அவரைச் சும்மா விடவில்லை. அவள் நாலு தடவை விழுந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறாரே. மறுநாள் சாயங்காலம், மனைவி கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, கொழுந்தியாவின் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு விளையாடக் கத்துக் குடு" என்றார்.

"எதுக்கு அத்தான்? திட்டு வாங்கவா?"

"சிரிக்காம கத்துக் குடு."

சிரிக்காமல் இருப்பது அவளுக்குச் சுலபமாக இல்லை. விரலண்ணன் திரையைப் பார்க்காமல் கையையே பார்த்தார், பட்டனை அமுக்கும்போது கண்ணை வேறு மூடிக்கொண்டார். "கண்ணத் திறங்க அத்தான், சுவத்துல முட்டிக்கிட்டே நிக்கிறீங்க!" என்று அவள் கத்தினாள். மூன்று நாள் இப்படிப் போயிற்று. நாலாவது நாள் பிளாஸ்திரி ஒட்டிய அந்தப் பழைய கன்ட்ரோலர் கையில் இருக்க, குழி வந்தது. யோசிக்காமல் கட்டைவிரல் அமுங்கியது. திரையில் அந்தப் பொம்மை மனிதன் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டான். அவர் 'ஹோய்' என்று சத்தம் போட்டதில் சமையலறையிலிருந்து மனைவி ஓடிவந்தாள்.

கையில் கன்ட்ரோலர் என்று ஒன்று இருந்ததையே அந்த ஒரு கணம் அவர் மறந்திருந்தார். தாண்டியது அவரேதான்.

உடனே புதியதை எடுத்துக்கொண்டு அதே குழிக்கு வந்தார். அமுக்கினார், விழுந்தார். கிரீஸ் தெரிந்தது, கம்பளி வளையம் தெரிந்தது, அலுமினியத்தின் குளிர்ச்சி தெரிந்தது. தாண்ட வேண்டியவனுக்கு இதெல்லாம் எதற்கு? பாட்டுக் கேட்கிறவன் சாய்ந்து உட்கார்ந்து நிதானமாகக் குமிழைத் திருப்புகிறான், அவனுக்கு எந்த அவசரமும் இல்லை. குழி முன்னால் நிற்பவன் கதை வேறு. முப்பது வருஷமாக எது நல்லது என்று அவர் நம்பி வந்தாரோ அதுதான் இந்தப் பெட்டியைக் கெடுத்திருக்கிறது. கெடுத்தது வேறு யாருமில்லை, அவர்தான்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. முதல் தொகுதிக்கு அலுமினியம் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால், வாங்குகிற ஒவ்வொருவரும் அந்தக் குழியில் விழுவார்கள். கம்பெனி புதிதாக நுழைந்த இடத்தில் முதல் நாளே மூக்குடைபடும், அதன் அடியில் அவருடைய பச்சை ஸ்டிக்கர் இருக்கும். வாயைத் திறந்தாலோ, ஒட்டியதைத் தன் கையாலேயே உரிக்க வேண்டும். ஒன்றை உரித்துவிட்டால் மற்றவற்றுக்கு என்ன மதிப்பு? முப்பது வருஷ வாழ்க்கையே அந்த நகம் அளவுக் காகிதத்தில்தான் இருந்தது.

"சொல்லாம இருந்தா என்ன ஆகும்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"ஒண்ணும் ஆகாது. நீங்க இப்படியே சாப்பிடாம இருப்பீங்க" என்றாள் அவள்.

காலையில் மேடத்தின் அறைக் கதவைத் தட்டினார். மாதிரியை மேஜைமேல் கவிழ்த்து வைத்து, அவர் கண் முன்னாலேயே ஸ்டிக்கரை நகத்தால் கீறி உரித்தார். அது லேசில் வரவில்லை, பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டது. மேடம் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

"மிக நன்றுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"ஆமாங்க. என் விரல் சொன்னது சரிதான். நான் அதுக்கிட்ட கேட்ட கேள்விதான் தப்பு."

மேடத்துக்குக் கோபம் வந்தது, வராமலிருந்தால்தான் ஆச்சரியம். கண்காட்சித் தேதி, வெட்டிய உலோகம், முதலாளிக்கு என்ன பதில் என்று அடுக்கிக்கொண்டே போனார். விரலண்ணன் நின்றபடி கேட்டுக்கொண்டார். கடைசியில், "ஒரே ஒரு மணி நேரம் குடுங்க. எங்க வீட்டுல ஒருத்தர் இருக்காங்க, கூட்டிட்டு வரேன்" என்றார்.

எக்ஸ்ரேக்காரி தன் வார விடுமுறையை விட்டுக்கொடுத்து வந்தாள். மாடியில் நீள மேஜை போட்ட அறை, பத்துப் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு வெள்ளைக் கையுறையும் தட்டில் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். அவள் கையுறையை எடுக்கவில்லை, பிஸ்கட்டை எடுத்தாள். தின்ற கையோடு அலுமினியத்தைப் பிடித்தாள். பெயின்ட் பிரிவுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

புதியதில் ஐந்து தடவை விழுந்தாள். பிறகு தன் பையிலிருந்து பிளாஸ்திரி போட்டதை எடுத்தாள். அது தங்கள் பெட்டியோடு பேசுவதற்கு ஒரு பொறியாளர் ஏதோ செய்துகொடுத்தார். அவ்வளவுதான், இருபது குழியைத் தாண்டி ஆட்டத்தின் முடிவில் இருக்கும் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தாள். போகிற வழியில் பேசிக்கொண்டே இருந்தாள், கத்தினாள், ஒரு தடவை உடம்பையே ஒருபக்கம் சாய்த்தாள். அறையில் இருந்தவர்களும் தங்களுக்குத் தெரியாமலே சேர்ந்து சாய்ந்தார்கள்.

"இதை நீங்க வாங்குவீங்களா?" என்று மேடம் கேட்டார்.

"வாங்க மாட்டேங்க" என்றாள் அவள் பட்டென்று. "ரொம்ப அழகா இருக்கு. தொட்டா யாராவது திட்டுவாங்களோன்னு இருக்கு. விளையாடறப்ப எனக்கு அந்தப் பயம் கூடாது. நாள் பூரா ஆஸ்பத்திரியில பயந்தவங்களையே பார்க்கறேன்."

மேடம் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். பிறகு அந்தக் கையாலேயே பிளாஸ்திரி கன்ட்ரோலரைக் கேட்டு வாங்கினார். முதல் குழியிலேயே விழுந்தார். இன்னொரு தடவை என்றார். அந்த இன்னொரு தடவை அரை மணி நேரம் ஓடியது.

கண்காட்சிக்கு அந்த வருஷம் போவதில்லை என்று ஆயிற்று. அடுத்த ஏழு மாதம் விரலண்ணன் மரியாதையைக் கழற்றுகிற வேலையில் இறங்கினார். கிரீஸ் போயிற்று, கம்பளி வளையம் போயிற்று. அலுமினியத்துக்குப் பதிலாக, சொரசொரப்பான, கையில் வழுக்காத பிளாஸ்டிக் வந்தது. தன் அறையின் கனமான திரையை அவரே கழற்றி மடித்து வைத்துவிட்டு, டி.வி. ஒன்றைக் கேட்டு வாங்கி மாட்டினார். இப்போதெல்லாம் கையை ஆறவிடுவதில்லை. வெயிலிலிருந்து வந்த வியர்வையோடு உட்கார்ந்தார், பிஸ்கட் தின்றுவிட்டு உட்கார்ந்தார். கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். கையில் இருப்பது மறந்துபோனால் தேறியது என்று கணக்கு. அவர் அறையிலிருந்து வரும் கூச்சலைக் கேட்டு, "விரலண்ணனுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால் ஒருவர்கூட அந்த உரித்த ஸ்டிக்கரைப் பற்றிக் குத்திப் பேசவில்லை. ஒன்றை உரித்த மனிதர் ஒட்டினால் அதில் விஷயம் இருக்கும் என்று ஸ்டோர் கீப்பரே சொன்னாராம். அது விரலண்ணன் காதுக்கும் வந்தது. அன்று இரண்டு டீ குடித்தார்.

கன்சோல் கடைக்கு வந்தது. ஊரே திரண்டு ஓடிவந்து வாங்கிவிட்டது என்று சொன்னால் அது பொய். முன்னால் இருந்த மூன்று கம்பெனிகளும் அசையவில்லை. இவர்கள் பெட்டிக்கு விளையாட்டுகள் குறைவு, ஆம்ப்ளிஃபயர் வாங்கும் பழைய ஆட்கள் பிளாஸ்டிக்கைப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஆனால் வாங்கியவர்கள் இன்னொருவரிடம் சொன்னார்கள். மெதுமெதுவாக நகர்ந்தது. இரண்டாவது தொகுதி செய்தார்கள், மூன்றாவதும் செய்தார்கள்.

"என்னய்யா, பஸ்ல சீட்டு கிடைச்சுதா?" என்று கேன்டீனில் விரலண்ணன் ஸ்டோர் கீப்பரைச் சீண்டினார்.

"இன்னும் நின்னுக்கிட்டுத்தான் வர்றோம்" என்றார் அவர். "ஆனா எவனும் இறக்கிவிடல."

பத்து மாதம் கழித்து, வழக்கமான வாரச் சுற்றில் கீழ்த்தளத்துக்குப் போனபோது சர்வீஸ்காரர் ஒரு கன்ட்ரோலரை நீட்டினார். முகத்தில் லேசான சங்கடம். "உங்க பொருள்ணே. இப்படி வந்திருக்கு" என்றார்.

விரலண்ணன் வாங்கிப் பார்த்தார். பட்டன்களில் எழுத்து இல்லை. சொரசொரப்பு வழுவழுவென்று ஆகியிருந்தது. இடுக்கில் ஏதோ பழரசம் காய்ந்து கிடந்தது, ஒரு மூலையில் யாரோ கடித்த அடையாளம். தாண்டுகிற பட்டன் தேய்ந்து உள்ளே போய்விட்டது. கூடவே ஒரு சீட்டு: 'எங்கள் அம்மா இதை விடுவதே இல்லை. ஜம்ப் பட்டன் வேலை செய்யவில்லை. தயவுசெய்து சீக்கிரம் சரிசெய்து அனுப்புங்கள், வீட்டில் நிம்மதி இல்லை.'

அலமாரியில் வழக்கம்போல் நாலைந்து பழைய ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தன. குமிழ்கள் புதுசாக மின்னின. மேலே தூசி. அவர் ஒரு குமிழைத் தொட்டுத் திருப்பினார். மரியாதை அப்படியே இருந்தது. செய்த நாளில் அவர் விரல் பட்டதற்கப்புறம் அதை யார் எத்தனை தடவை தொட்டிருப்பார்கள்? முப்பது வருஷமாக இதைத்தான் ஒவ்வொரு வாரமும் இறங்கி வந்து பெருமையாகப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். குமிழ்மேல் இருந்த தூசியை விரலால் துடைத்தார். ஆனால் கையில் இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"ரிப்பேர் பண்ணிடலாமாண்ணே?" என்று சர்வீஸ்காரர் கேட்டார்.

"வேணாம். அந்த அம்மாவுக்குப் புதுசு ஒண்ணு இன்னிக்கே அனுப்பிடுங்க. இதை நான் எடுத்துக்கறேன்."

சாயங்காலம் எக்ஸ்ரேக்காரியிடம் அதைக் கொடுத்தார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், உள்ளே போயிருந்த பட்டனில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

"யாரு அத்தான் இது? என்னைவிட நல்லா விளையாடறவங்க போலிருக்கே."

"ஏதோ ஒரு அம்மா" என்றார். அதைத் திரும்ப வாங்கிக் கவிழ்த்தார். எல்லா எழுத்தும் அழிந்துபோன அந்தப் பொருளின் அடியில், விளிம்பெல்லாம் அழுக்கேறி, அவருடைய பச்சை ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.